வெள்ள நிவாரணம் ஏன் தாமதமாகிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தருமபுரி மாவட்டம் என்றாலே வறட்சிதான் யாவருக்கும் நினைவுக்கு வரும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியபோது நம் பகுதியும் அம்மாவட்டத்திலேதான் இருந்தது. 1965 அக்டோபர் 2-ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் பின்னரும் மழை பொய்த்தது, கிணறு வற்றியது, பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு ரயிலேறினார்கள் என்பதே நம் ஊர்க் கதையாக இருந்து வருகிறது. வெள்ளம் என்பது கடலூருக்கும் தஞ்சாவூருக்கும் உரியது என்றே மாரண்டஹள்ளியில் பிறந்த நானும் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை 2024-ஆம் ஆண்டு மாற்றியது. நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடற்கரையோடு நில்லாமல் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்து வந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., நம் மாவட்டத்து அரூரில் 33 செ.மீ. மழை பதிவாயிற்று. ஊத்தங்கரையில் பேருந்து நிலையப் பகுதியில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்ற காட்சியை நாம் யாவரும் கண்டோம். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை ஆற்றின் கரையோர ஊர்கள் மூழ்கின.

வெள்ளம் வந்தது ஒரு நாளில். நிவாரணம் வந்தது எத்தனை நாளில்? ஏன் அத்தனை நாள் ஆயிற்று? 'அதிகாரிகள் மெத்தனம்' என்று ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். ஆனால் அந்த விடை முழு உண்மை ஆகாது என்பதைச் சில மாதங்கள் மனுக்களோடு அலைந்து தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிவாரணம் ஒன்றல்ல, மூன்று

நிவாரணம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை அடங்கியுள்ளது. இவற்றைப் பிரித்து அறியாவிட்டால் தாமதத்தின் காரணம் விளங்காது.

முதல் வகை உயிர் காக்கும் உதவி. படகு, முகாம், உணவுப் பொட்டலம், பால், மருந்து ஆகியவை இதில் அடங்கும். இதற்குப் பட்டியல் தேவையில்லை. முகாமுக்கு வந்தவருக்குச் சோறு போடப்படும், பட்டா கேட்கப்படாது. ஆகவே இது பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கிறது.

இரண்டாவது வகை குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் ரொக்க உதவி. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் 3-ஆம் நாள் மாநில அரசு வெளியிட்ட அறிவிப்பில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் என்று கூறப்பட்டது. இதற்கு ஆதாரம் குடும்ப அட்டை. அந்தப் பட்டியல் ஏற்கெனவே ரேஷன் கடையில் உள்ளது.

மூன்றாவது வகை இழப்புக்கு ஏற்ற உதவி. அதே அறிவிப்பின்படி, சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், இறந்த பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். பயிர்களில் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால் நெல் முதலிய பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய். இந்த 33 விழுக்காடு என்னும் அளவு 2015-க்கு முன் 50 விழுக்காடாக இருந்தது. அதாவது பாதிப் பயிர் அழிந்தவருக்கே அன்று உதவி.

இம்மூன்றாம் வகைக்குத்தான் பட்டியல் கிடையாது. வெள்ளம் வடிந்த பிறகே யாருக்கு எவ்வளவு இழப்பு என்று எழுதத் தொடங்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

'டெல்லியிலிருந்து பணம் வரவில்லை, அதனால் கொடுக்கவில்லை' என்று ஊரில் பேசிக்கொள்வதுண்டு. இதிலும் பாதி உண்மைதான் உள்ளது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி இரண்டு நிதிகள் அமைந்துள்ளன. ஒன்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இதில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசும் 25 பங்கை மாநில அரசும் செலுத்துகின்றன. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் இரண்டு தவணைகளில் வரும் பணம் இது. வீட்டில் அரிசிப் பானைக்குள் போட்டுவைக்கும் அவசரப் பணம் போன்றது எனலாம். மற்றொன்று தேசியப் பேரிடர் நிவாரண நிதி. மாநில நிதி போதாத அளவுக்குப் பேரிடர் பெரிதாக இருந்தால் மட்டும் இதிலிருந்து கூடுதல் உதவி கேட்கலாம்.

ஃபெஞ்சல் புயலின்போது மாநில அரசு தற்காலிகச் சீரமைப்புக்கு 2,475 கோடி ரூபாய் தேவை என மதிப்பிட்டு, இடைக்கால உதவியாக 2,000 கோடி ரூபாய் கேட்டது. டிசம்பர் 6-ஆம் நாள் மத்திய அரசு 944 கோடியே 80 லட்சம் ரூபாயை விடுவித்தது. செய்தித்தாளில் இதைப் படித்தவர்கள் புயலுக்கென்று புதிதாகக் கொடுத்த பணம் என்று எண்ணினர். உண்மையில் அது அந்த ஆண்டுக்கான மாநில நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு. இரண்டு தவணைகளும் ஒன்றாக வந்தன.

தேசிய நிதியிலிருந்து கூடுதல் உதவி வரும் பாதை நீண்டது. மாநில அரசு விரிவான கோரிக்கை மனு அளிக்க வேண்டும். பல அமைச்சகங்களைச் சேர்ந்த மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும். அதன் அறிக்கை ஒரு துணைக்குழுவைக் கடந்து, உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழுவுக்குச் செல்ல வேண்டும். ஒப்புதலான தொகையிலும் மாநில நிதியின் தொடக்க இருப்பில் பாதி கழிக்கப்படும். ஃபெஞ்சலுக்காக 522 கோடியே 34 லட்சம் ரூபாய்க்கு இக்குழு ஒப்புதல் தந்த செய்தி 2025 ஏப்ரல் தொடக்கத்தில் வெளிவந்தது. வெள்ளம் வந்து நான்கு மாதம் கழிந்திருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும், அடுத்த இரண்டே வாரத்தில் பெருமழை தென்மாவட்டங்களையும் தாக்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. இரண்டுக்கும் சேர்த்து மாநில அரசு சுமார் 37,900 கோடி ரூபாய் கேட்டது. பணம் வராததால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதியில் தேசிய நிதியிலிருந்து 276 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. கேட்டது மிகையா, கொடுத்தது குறைவா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. நான்கு மாதம் ஆயிற்று என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மேலிடத்துப் பாதை எவ்வளவு நீண்டதாயினும், விவசாயியின் முதல் உதவி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியதே அதற்காகத்தான். அப்படியிருந்தும் பயிர் நிவாரணம் ஏன் தாமதமாயிற்று?

ஒரு தாளின் பயணம்

பயிர் நிவாரணம் கடந்து வரும் படிகளை வரிசையாகப் பார்ப்போம்.

கிராம நிர்வாக அலுவலர் முதலில் தோராயமான சேத விவரத்தைத் தெரிவிக்கிறார். பின்பு வருவாய்த்துறையினரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையினரும் கூட்டாக வயலுக்கு வந்து, புல எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு, 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமா என்று எழுத வேண்டும். அடுத்து விவசாயியிடமிருந்து சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் ஆகியவை வாங்கப்படுகின்றன. இப்பட்டியல் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வழியே மாவட்ட ஆட்சியருக்குச் செல்கிறது. ஒரே நிலத்துக்கு இருவர் பெயர் உள்ளதா, ஒருவர் பெயர் இருமுறை வந்துள்ளதா என்று சரிபார்க்கப்படுகிறது. மாவட்டப் பட்டியல்கள் சென்னையில் ஒன்றுசேர்க்கப்பட்டு, மொத்தத் தொகை கணக்கிடப்பட்டு, நிதி ஒதுக்கி அரசாணை பிறப்பிக்கப்படுகிறது. அதன்பின் கருவூலம், அதன்பின் வங்கிக் கணக்கு.

ஃபெஞ்சல் மழையில் பயிரிழந்த விவசாயிகளுக்கு 498 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் என்ற அறிவிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் ஹெக்டேர் பரப்பு. 5 லட்சத்து 18 ஆயிரம் விவசாயிகள். சராசரியாக ஒருவருக்கு 9,600 ரூபாய் அளவில் ஆகிறது. மழை பெய்து அதற்குள் இரண்டரை மாதம் கடந்துவிட்டது.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இது தொடர் இணைப்பில் உள்ள மின்தடைகளை நினைவூட்டுகிறது. தடைகளைத் தொடராக இணைத்தால் மொத்தத் தடை அவற்றின் கூட்டுத்தொகையாகும். 1 ஓம், 2 ஓம், 100 ஓம் ஆகிய மூன்று தடைகள் உள்ளன என்று கொள்வோம். 1 ஓம் தடையை அடியோடு நீக்கினாலும் மின்னோட்டம் கூடியதாகவே தெரியாது. 100 ஓம் தடையில் கை வைத்தால்தான் பயன் உண்டு.

நிவாரணத்திலும் அவ்வாறே. வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்தும் முறையால், கருவூலத்திலிருந்து விவசாயிக்குப் பணம் வந்து சேரும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இடைத்தரகரும் ஒழிந்தார். இது பெரிய முன்னேற்றமே. ஆனால் அது 1 ஓம் தடை. 100 ஓம் தடை கணக்கெடுப்பிலும் சரிபார்ப்பிலும் உள்ளது. அதில் நாம் இன்னும் கை வைக்கவில்லை.

சரிபார்ப்பு வேண்டாமா?

வேண்டும். பொதுப்பணத்தைக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க இயலாது. தரிசு நிலத்துக்கு நிவாரணம் வாங்குவோரும் நாட்டில் உள்ளனர். ஒரு பொய்ப் பெயர் நுழைந்தால் பின்னால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்ட அலுவலர்தான். ஆகவே அவர் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறார். தவறாகக் கொடுத்தால் தண்டனை உண்டு. தாமதமாகக் கொடுத்தால் தண்டனை இல்லை. இந்நிலையில் எந்த மனிதரும் தாமதத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்.

கிராம நிர்வாக அலுவலரின் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு அவர்கள் பார்த்த வேலை அனைத்தும் இவர் தலையில் விழுந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, தேர்தல் வேலை, முகாம் வேலை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் பயிர்க் கணக்கும். எங்கள் ஊருக்கு வந்தவர் பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவர். சேறு அப்பிய மோட்டார் சைக்கிளில் வந்து, வரப்பில் நின்றபடியே எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வர வேண்டியது வேறொன்றின்மேல். எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டிருக்கிறார் என்பது மழைக்கு முன்பே அடங்கலில் இருக்க வேண்டிய செய்தி. ஒவ்வொரு பசலி ஆண்டிலும் பயிர் வாரியாக எழுதப்பட வேண்டிய கணக்கு அது. அது அன்றன்று ஒழுங்காக இருந்திருந்தால், வெள்ளத்துக்குப் பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சேதம் எவ்வளவு? மற்றவற்றையெல்லாம் சேற்றில் நின்று தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையே.

ஒரு நிலத்தின் கணக்கு

என் பெரியப்பாவின் கணக்கை இங்கே தருகிறேன். புள்ளிவிவரங்களைவிட இது எளிதில் விளங்கும்.

அரூர் அளவுக்கு எங்கள் பக்கம் மழை இல்லை. ஆனால் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் உள்ள 60 சென்ட் நிலத்தில் அவர் போட்டிருந்த தக்காளியில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. தக்காளிச் செடி ஈரத்தைத் தாங்கும்; வேரில் நிற்கும் நீரைத் தாங்காது. முதற் பறிப்புக்குக் காத்திருந்த செடிகள் வாடிச் சாய்ந்தன. மேட்டிலுள்ள 80 சென்ட் மானாவாரி நிலத்தில் அறுவடைக்கு நின்ற கேழ்வரகு படுத்து, கதிரிலேயே முளைவிட்டது.

60 சென்ட் நிலம் வேறொருவருடையது. ஓசூரில் வசிக்கும் அவரிடம் பெரியப்பா வாரத்துக்குப் பயிரிடுகிறார். வாய்ப்பேச்சுதான், எழுத்து ஏதும் இல்லை. குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற அச்சத்தால் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஆகவே கணக்கில் நிலத்துக்காரர் பெயர்தான் ஏறியது. 247 சென்ட் ஒரு ஹெக்டேர். 17,000 ரூபாய் வீதம் 60 சென்டுக்கு சுமார் 4,130 ரூபாய். அது அவர் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. நல்ல மனிதர், அழைத்துப் பாதியைக் கொடுத்தார். 2,065 ரூபாய். அவர் நல்லவராக இருந்ததால் கிடைத்தது. வேறொருவராக இருந்தால் கேட்கப் பெரியப்பாவுக்கு எந்த வழியும் இல்லை.

80 சென்ட் நிலம் எங்கள் குடும்பத்துடையது. 8,500 ரூபாய் வீதம் அதற்குச் சுமார் 2,750 ரூபாய் வர வேண்டும். ஆனால் பட்டா பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்த என் தாத்தா பெயரில் உள்ளது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நானே ஆகையால் மனு எழுதும் வேலை என்னுடையதாயிற்று. மூன்று மனுக்கள் எழுதினேன். ஓர் அலுவலகத்தில் எழுத்தர் கூறினார்: "தம்பி, பட்டாவுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. நான் எதை ஏத்தறது? செத்தவருக்கு நான் பணம் போட முடியுமா?" அவர் கூறியதில் பிழை ஒன்றும் இல்லை. இக்கட்டுரை எழுதும் வரை அப்பணம் வரவில்லை.

இனித் தாமதத்தின் விலையைப் பார்ப்போம். தண்ணீர் வடிந்ததும் மறுபயிருக்கு நாற்றும் உரமும் வாங்க மார்கழித் தொடக்கத்தில் பெரியப்பா 20,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. பங்குனித் தொடக்கத்தில் நிவாரணப் பணம் கைக்கு வந்தபோது மூன்று மாத வட்டி 1,800 ரூபாய் ஆகியிருந்தது. 2,065-இல் 1,800 போக மிச்சம் 265 ரூபாய்.

அரசு விதிகளில் இந்த உதவிக்கு 'இடுபொருள் மானியம்' என்று பெயர். அஃதாவது அடுத்த பயிருக்கு விதையும் உரமும் வாங்குவதற்கான பணம். தக்காளி நாற்று நட்டு 60 முதல் 70 நாளில் முதற் பறிப்புக்கு வந்துவிடும். மூன்று மாதம் கழித்து வந்த பணம் அடுத்த பயிருக்கு அல்ல, அடுத்த பயிரும் பறிப்புக்கு வந்த பிறகு வந்த பணம். எழுதிய தொகை முழுவதும் கொடுக்கப்பட்டது. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் அது எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பயன் போய்விட்டது.

பிற இடங்களிற் கண்டது

பட்டியல் முன்னரே இருந்தால் பணம் விரைவில் வரும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை பெய்தது. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பணி டிசம்பர் 17-ஆம் நாள் ரேஷன் கடைகளில் தொடங்கிவிட்டது. இரண்டே வாரம். காரணம், குடும்ப அட்டைப் பட்டியல் கையில் இருந்தது. அட்டை இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவ்விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. ஒரே வெள்ளம்தான். பட்டியலில் இருந்தவர் வரிசையில் நின்று வாங்கினார். பட்டியலில் இல்லாதவர் விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

நம் அண்டை நாடாகிய வங்கதேசம் இதனினும் ஒரு படி மேலே சென்றுள்ளது. 2020 ஜூலையில் ஜமுனை ஆற்றில் பெருவெள்ளம் வரும் என்று முன்னறிவிப்புக் கிடைத்தவுடன், உலக உணவுத் திட்ட அமைப்பு 23,000-க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4,500 டாக்கா கைப்பேசி வழியே அனுப்பியது. வெள்ளம் உச்சத்தை அடையும் முன்னரே பணம் வந்துவிட்டது. பின்னர் நடந்த ஆய்வில், பணம் பெற்ற குடும்பங்களில் ஒரு நாள் முழுதும் பட்டினி கிடந்தோர், பெறாதவர்களைவிட 36 விழுக்காடு குறைவு என்று தெரியவந்தது. மூன்று மாதம் கழித்தும் அவர்கள் நிலை மேலாகவே இருந்தது. தொகை பெரிதன்று. அது வந்த நாள்தான் அதற்கு மதிப்பைக் கொடுத்தது.

இது புதிய சிந்தனையும் அன்று. தாது வருடப் பஞ்சத்தில் கணக்கற்ற மக்கள் மாண்ட பிறகு, 1880-இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அதன் வழியே உருவான பஞ்ச விதித்தொகுப்புகள், பஞ்சம் வருமுன்பே எந்த ஊரில் எந்த நிவாரண வேலை தொடங்குவது என்ற பட்டியல் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று விதித்தன. மக்களை அடக்கி ஆண்ட அந்நிய அரசுக்கே புரிந்த செய்தி, நம்மை நாமே ஆளும் காலத்தில் இன்னும் நன்றாகப் புரிய வேண்டாமா?

செய்யத்தக்கவை

இனிச் செய்ய வேண்டியவை பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, அடங்கல் உயிருள்ள கணக்காக வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் அனுப்பப்பட்டனர். மாணவர்களை வயலுக்கு அனுப்பியது சரியா என்ற எதிர்ப்பும் எழுந்தது. அனுப்பும் முறை எதுவாயினும், பருவந்தோறும் மழைக்கு முன் அக்கணக்கு முடிந்திருத்தல் வேண்டும். அதில் நிலத்துக்காரர் பெயரோடு பயிரிடுபவர் பெயரும் ஏற வேண்டும். 2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பணி தொடங்கியது. அதுவும் நில உடைமையோடு மட்டும் இணைக்கப்பட்டால் பெரியப்பாவைப் போன்றவர்கள் மீண்டும் வெளியேதான் நிற்பார்கள்.

இரண்டாவது, பாதியை முன்னே கொடுத்து, மீதியைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். அரூரில் 33 செ.மீ. மழை என்று வானிலை நிலையமே சொல்லும்போது, அங்கே பள்ளத்து வயலில் பயிர் சேதமா என்று ஐயுற வேண்டியதில்லை. முதற்பாதியில் சில தவறுகள் நேர்ந்தால் இரண்டாம் பாதியில் கழித்துக்கொள்ளலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த அலுவலருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு படிக்கும் ஒரு தேதி வேண்டும். பட்டியல் எந்த மேசைக்கு என்று வந்தது, என்று போயிற்று என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவிட்டால், நூறு ரூபாய் பேருந்துக்குச் செலவழித்து 'எப்போ வரும் ஐயா?' என்று கேட்கப் போக வேண்டியதில்லை. விடுபட்ட பெயர்களைக் கிராம சபையில் படித்துச் சேர்க்கலாம்.

நம் பங்கு

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. மாணவ நண்பர்களே, நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் கல்லூரியில் படிப்போரில் பெரும்பாலோர் என்னைப் போலவே வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ள தாள்களைப் படிக்கத் தெரிந்தவர்களும் நாமே. இந்த விடுமுறையில் அந்தப் பெட்டியைத் திறந்து நான்கு செய்திகளை மட்டும் பார்ப்போம். பட்டா யார் பெயரில் உள்ளது? அப்பெயரும் ஆதார் பெயரும் ஒன்றாக உள்ளனவா? வங்கிக் கணக்கு இயங்குகிறதா? இந்தப் பருவத்தில் அடங்கலில் என்ன பயிர் எழுதப்பட்டுள்ளது? பிழை இருந்தால் மழை வருமுன்பே மனுக் கொடுப்போம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகத்தைப் பெருக்குவதோடு, ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் ஒரு கிராமத்துப் பெட்டிகள் அனைத்தையும் பார்த்துவிடலாம்.

தாத்தா பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற நான் மனுக் கொடுத்துவிட்டேன். வாரிசுச் சான்றுக்காகச் சித்தப்பாமார் இருவரிடமும் அத்தையிடமும் கையெழுத்து வாங்கவே ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தை வெள்ளத்துக்குப் பின் செலவழித்திருந்தால் அதுவும் நிவாரணத் தாமதக் கணக்கில் சேர்ந்திருக்கும். இப்போது செலவழித்ததால் சேராது. அடுத்த மழைக்கு முன் பட்டா வந்துவிட வேண்டும் என்பதே எங்கள் வீட்டின் இப்போதைய வேண்டுதல்.